பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கொடுக்கிற மொழியுரிமை

ஒரு தீர்ப்பு என்னை விடவே மாட்டேங்குது. 1998 நவம்பர் 24ஆம் தேதி லக்சம்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது, வழக்கு எண் சி-274/96, சட்டம் படிச்சவங்க பிக்கல்-ஃப்ரான்ஸ் வழக்குன்னு சொல்வாங்க. கிரிமினல் கேஸ்ல மாட்டின வெளிநாட்டுக்காரனுக்குத் தன் மொழியில விசாரணை கேட்க உரிமை இருக்கான்னு யாராவது பேச்சை எடுத்தா, ஐரோப்பாவுல முதல்ல நீட்டுறது இதைத்தான். நானும் பல பேருக்கு நீட்டியிருக்கேன். இங்க ஜெர்மனியில நம்ம ஆளுங்களுக்கு போலீஸ் லெட்டர், கோர்ட் லெட்டர் வந்தா படிச்சுச் சொல்ற வேலை தானாவே என் தலையில வந்து விழுந்துருச்சு, அப்படித்தான் இந்தச் சட்டங்களை எல்லாம் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அந்தத் தீர்ப்பு நல்ல தீர்ப்புதான், அதுல எனக்கு இன்னைக்கும் சந்தேகம் இல்ல. ஆனா அது எதை நல்லதுன்னு சொல்லுது, யாருக்கு நல்லதுன்னு சொல்லுதுங்கிறதுல தான் மனசு சமாதானமாகல.

நடந்தது இதுதான். 1994 பிப்ரவரி 15, இத்தாலியோட வடக்கு ஓரத்துல, ஆல்ப்ஸ் மலைக்கு நடுவுல காஸ்டெல்பெல்லோன்னு ஒரு ஊர். ஆஸ்திரியாக்காரர் ஒருத்தர் லாரி ஓட்டிட்டுப் போறார், காராபினியேரி போலீஸ் நிறுத்துறாங்க, குடிச்சிட்டு வண்டி ஓட்டினார்னு கேஸ். அடுத்த வருஷம் மே 5, அதே பகுதிக்கு டூர் வந்த ஒரு ஜெர்மன்காரர்கிட்ட கஸ்டம்ஸ் சோதனையில, வச்சிருக்கக் கூடாத ரகக் கத்தி ஒண்ணு கிடைக்குது, அவர் மேலயும் கேஸ். ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ரெண்டு பேரும் போல்சானோ கோர்ட்ல ஒரே விஷயத்தைத்தான் கேட்டாங்க. எனக்கு இத்தாலியன் தெரியாது, இங்க ஜெர்மன் பேசுற உள்ளூர்க்காரங்களுக்கு ஜெர்மன்லயே கேஸ் நடத்துறீங்களே, எனக்கும் அப்படியே நடத்துங்கன்னாங்க.

இத்தாலியில ஏன் ஜெர்மன்னு கேட்டா அது பெரிய கதை. இந்தக் காஸ்டெல்பெல்லோவும் போல்சானோவும் இருக்கிற தெற்குத் திரோல் மாகாணம் (சவுத் டிரோல்னு சொன்னாதான் சிலருக்குத் தெரியும்) முதல் உலகப் போர் முடியிற வரைக்கும் ஆஸ்திரியா கையில இருந்துச்சு, 1919 சான் ஜெர்மான் ஒப்பந்தத்துல இத்தாலிக்குப் போச்சு. அப்புறம் முசோலினி ஆட்சியில ஜெர்மன் பள்ளிக்கூடங்களை மூடுனாங்க, ஊர்ப் பேரை எல்லாம் இத்தாலியன்ல மாத்துனாங்க, வாத்தியாருங்க வீட்டுலயும் கொட்டகையிலயும் ஒளிஞ்சு ஒளிஞ்சு பிள்ளைங்களுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுத்தாங்க. 1946ல பாரீஸ்ல ஆஸ்திரியாவும் இத்தாலியும் ஒரு ஒப்பந்தம் போட்டும் ஒழுங்கா நிறைவேறல, 1961 ஜூன்ல ஒரே ராத்திரியில கரண்ட் கம்பங்களைக் குண்டு வச்சுச் சாய்க்கிற அளவுக்குப் போச்சு. கடைசியா 1972ல வந்த சுயாட்சிச் சட்டம்தான் அந்த மாகாணத்துல ஜெர்மனுக்கு இத்தாலியனுக்குச் சமமான இடம் கொடுத்துச்சு. கோர்ட்லயும் ஆபீஸ்லயும் ஜெர்மன் பேசுற குடிமக்கள் தங்கள் மொழியைப் பயன்படுத்தலாம்னு அதோட 100வது பிரிவு. 1988ல வந்த இன்னொரு ஆணை கைது பண்ற இடத்துல இருந்தே எந்த மொழியில நடத்தணும்னு விவரமா எழுதி வச்சுச்சு. மொழிப் போராட்டத்தோட ருசி தெரிஞ்ச ஊர்ல பிறந்தவன் நான், அதனால இந்தச் சரித்திரத்தைப் படிக்கிறப்ப மனசு தானா அவங்க பக்கம் போயிருச்சு.

இத்தாலி அரசு லக்சம்பர்க்ல சொன்ன வாதத்தை அலட்சியமாத் தள்ள முடியாது. இந்த உரிமை அந்த மாகாணத்துல வாழற சிறுபான்மை இனத்தைக் காப்பாத்த வந்தது, அது அவங்க மண்ணோட கட்டுண்ட உரிமை, வழியில வந்து போற லாரி டிரைவருக்கும் டூரிஸ்ட்டுக்கும் இதுல என்ன பங்குன்னு கேட்டாங்க. நீதிமன்றம் அதை மறுக்கல, சிறுபான்மையைக் காப்பாத்துறது நியாயமான நோக்கம்னே ஒத்துக்கிச்சு. ஆனா இன்னொருத்தருக்கும் கொடுக்கிறதால அந்த நோக்கம் எங்க கெட்டுப்போகுதுன்னு திருப்பிக் கேட்டுச்சு. அந்த மாகாணத்துல குடியிருக்கணும்னு வைக்கிற நிபந்தனையால லாபம் அடையிறது பெரும்பாலும் இத்தாலியக் குடிமக்கள்தான், அப்ப இது நாட்டை வச்சுப் பாகுபாடு பண்றதுதான், ஐரோப்பிய யூனியனுக்குள்ள எங்க வேணா போய் வரலாம்னு உரிமை இருக்கிற ஒரு குடிமகனுக்கு இது செல்லாதுன்னு முடிச்சாங்க. இதுக்கு முன்னாடியே, 1985ல, பெல்ஜியத்துல ஜெர்மன் பேசுற சாங்க்ட் ஃபீட் ஊர்ல வாழ்ந்த ஒரு லக்சம்பர்க்காரர் இதே மாதிரி ஜெயிச்சிருந்தார், ஆனா அவர் அங்க குடியிருந்து வேலை பார்த்தவர், தொழிலாளிக்கு உரிய சலுகைன்னு கணக்குப் பண்ணித்தான் கொடுத்தாங்க. 1998ல அது சும்மா ஊர் சுத்தப் போனவருக்கும் நீண்டுச்சு. 2014ல ஸ்கீயிங் பண்றப்ப நடந்த ஒரு விபத்து வழக்குல, கிரிமினல் மட்டும் இல்ல சிவில் கேஸுக்கும் இது பொருந்தும்னு இன்னும் ஒரு படி போனாங்க.

30வது பத்தி

இது வரைக்கும் படிச்சா கை தட்டத்தான் தோணும். என்னை நிறுத்துனது அந்தத் தீர்ப்போட 30வது பத்தி. நீதிமன்றம் தன் முடிவுக்குத் துணையா அங்க ஒரு விஷயத்தைச் சொல்லுது: குற்றம் சாட்டப்பட்ட ரெண்டு பேரும் விசாரணையில, போல்சானோ கோர்ட்டுகளால கூடுதல் சிக்கலோ கூடுதல் செலவோ இல்லாம ஜெர்மன்ல கேஸ் நடத்த முடியும்னு சொன்னாங்க, அதை யாரும் மறுக்கல. அவ்வளவுதான், ரெண்டு வரி. முதல்ல படிச்சப்ப கண்ணு அதைத் தாண்டி ஓடிருச்சு. இன்னொரு நாள் ஒருத்தருக்காக வேற ஒரு விவரம் தேடிட்டு இருந்தப்ப அதுல கண்ணு நின்னுச்சு, அப்புறம் தீர்ப்பு முழுசையும் அந்த ரெண்டு வரியில இருந்து திரும்பப் படிச்சேன், எல்லாமே வேற மாதிரி தெரிஞ்சுது.

ஏன்னா அந்தக் கூடுதல் செலவு இல்லாத நிலைமை வானத்துல இருந்து குதிக்கல. ஜெர்மன் தெரிஞ்ச நீதிபதி, ஜெர்மன் தெரிஞ்ச கிளார்க், ஜெர்மன்ல அச்சடிச்ச படிவம், ஜெர்மன்ல எழுதின சட்டச் சொற்கள், இதெல்லாம் அந்த மலையூர்க்காரங்க அம்பது வருஷம் சண்டை போட்டு வாங்கினது. அந்த ஏற்பாடு தயாரா இருந்ததால ஆஸ்திரியா டிரைவர் அதுல ஏறி உட்கார முடிஞ்சுது. அதே காஸ்டெல்பெல்லோவுல அதே நாள் போலீஸ் ஒரு போர்ச்சுகீஸ் டிரைவரை நிறுத்தியிருந்தா? அவரும் யூனியன் குடிமகன்தான், அவருக்கும் இத்தாலியன் தெரியாதுதான், ஆனா போர்ச்சுகீஸ் மொழி பேசுற இத்தாலியச் சிறுபான்மைன்னு ஒண்ணு அங்க இல்ல, அதனால ஒப்பிட ஆள் இல்ல, ஒப்பிட ஆள் இல்லைன்னா பாகுபாடும் இல்ல. அவருக்குக் கிடைக்கிறது பக்கத்துல உட்கார்ந்து காதோரம் சொல்ற ஒரு மொழிபெயர்ப்பாளர். டிரைவர் ரெண்டு பேரோட நிலைமையும் ஒண்ணு, பயம் ஒண்ணு, ஆனா ஒருத்தருக்கு நீதிபதியே அவர் மொழியில பேசுவார், இன்னொருத்தருக்கு நீதிபதி பேசுறது மூணாவது ஆள் வாய் வழியா வரும்.

அப்பதான் எனக்குத் தெளிவா உறைச்சுது, இது மொழியுரிமைத் தீர்ப்பே இல்ல, சம உரிமைத் தீர்ப்பு. உன் ஆளுக்குக் கொடுக்கிறதை விருந்தாளிக்கும் கொடுங்கிறது சம உரிமை. அவனுக்குப் புரியிற மொழியில சொல்லுங்கிறது மொழியுரிமை. முதலாவதுக்கு அளவுகோல் பக்கத்துல நிக்கிற உள்ளூர்க்காரன், ரெண்டாவதுக்கு அளவுகோல் குற்றவாளிக் கூண்டுல நிக்கிறவனோட காது. ரெண்டும் சில நேரம் ஒண்ணா வரும், போல்சானோவுல வந்துச்சு, அதனாலதான் நாம ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறோம். ஜெர்மனியிலயே கூட இப்படி ஒண்ணு இருக்கு, நீதிமன்ற அமைப்புச் சட்டத்தோட 184வது பிரிவு கோர்ட் மொழி ஜெர்மன்னு சொல்லிட்டு, அடுத்த வாக்கியத்துலயே சோர்ப் இன மக்கள் (ஜெர்மனியோட கிழக்குப் பக்கம் வாழற ஸ்லாவிய மொழிச் சிறுபான்மை) தங்கள் சொந்த மாவட்டங்கள்ல கோர்ட்ல சோர்பியன் பேசலாம்னு உறுதி கொடுக்குது. நல்ல விஷயம். ஆனா நாட்டுல எத்தனையோ பேர் வீட்டுல பேசுற துருக்கி மொழிக்கும் அரபிக்கும் அந்த வாக்கியத்துல இடம் இல்ல, ஏன்னா அது மண்ணுல வேர் விட்ட சிறுபான்மைக்கான உரிமை, காதுக்கான உரிமை இல்ல. இதைக் குறையாச் சொல்லல, சோர்ப் மக்கள் நூற்றாண்டுக் கணக்கா அதுக்காக நின்னவங்க. ரெண்டு உரிமையும் வேற வேற வாசல்ங்கிறதைத்தான் சொல்றேன்.

பாஸ்போர்ட் யார்கிட்ட, மொழி யார்கிட்ட

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமா உறுத்துது. அந்தத் தீர்ப்பு நிக்கிறது யூனியன் குடியுரிமை மேல. நாட்டை வச்சுப் பாகுபாடு கூடாதுங்கிற அந்த விதி (இப்ப அது யூனியன் செயல்பாட்டு ஒப்பந்தத்தோட 18வது பிரிவு) யூனியன் நாட்டுக்காரங்களுக்குள்ள பாகுபாடு பார்க்கக் கூடாதுன்னுதான் சொல்லுது, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரங்களுக்கும் யூனியன்காரங்களுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்துக்கு அது பொருந்தாதுன்னு 2009 ஜூன்ல இதே நீதிமன்றமே எழுதிருச்சு. இப்ப ஒரு பையனை நினைச்சுப் பாருங்க. ஆஸ்திரியாவோட இன்ஸ்ப்ரூக்ல வளர்ந்தவன், அப்பா அம்மா யாழ்ப்பாணத்துல இருந்து வந்தவங்க, கையில இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான், ஆஸ்திரியாவுல குடியுரிமை வாங்குறது சாமானியம் இல்லைன்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். படிச்சது ஜெர்மன்ல, கூட்டாளிங்ககிட்ட பேசுறது திரோல் ஜெர்மன், இத்தாலியன் ஒரு வார்த்தை தெரியாது, தமிழ் அம்மாகிட்ட பேசுற அளவுக்குத்தான். இத்தாலி எல்லையில இருக்கிற பிரென்னர் கணவாயைத் தாண்டுனா போல்சானோ கார்ல ஒண்ணரை மணி நேரம் கூட ஆகாது. அங்க அவன் மாட்டுனா, பக்கத்து வீட்டு ஆஸ்திரியப் பையனுக்குக் கிடைக்கிற ஜெர்மன் விசாரணையை 1998 தீர்ப்பைக் காட்டிக் கேட்க முடியாது. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல உட்கார்ந்து படிச்ச ஜெர்மன்தான். இதுல அதிகாரிங்க பாஸ்போர்ட்டைப் பார்த்து இவன் இலங்கைக்காரன், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கன்னு முடிவு பண்ணிட்டா இன்னும் மோசம், ஏன்னா தமிழ்ல சட்ட விவரம் சொன்னா அவனுக்குத் தலையும் புரியாது காலும் புரியாது.

அந்த 1998 வழக்குல அட்வகேட் ஜெனரலா (தீர்ப்புக்கு முன்னாடி நீதிபதிகளுக்குத் தன் சட்டக் கருத்தை எழுதிக் கொடுக்கிறவர்) இருந்த பிரான்சிஸ் ஜேக்கப்ஸ், நாட்டை வச்சுப் பாகுபாடு பார்க்காம இருக்கிறதுதான் யூனியன் குடியுரிமையோட அடிப்படைன்னு எழுதியிருந்தார். அந்தக் கருத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐரோப்பா ஒரு சந்தையா இருந்ததுல இருந்து மனுஷங்க வாழற இடமா மாறுன திருப்பம் அதுல இருக்கு. ஆனா குடியுரிமையை அடிப்படையா வச்சுக் கட்டுற எந்த உரிமைக்கும் குடிமகன் இல்லாதவன் வெளிய நிக்கிற ஒரு வாசல் இருக்கும். ரோட்டுல வண்டி ஓட்டுறதுக்கோ காலேஜ் ஃபீஸுக்கோ அது இருந்துட்டுப் போகட்டும், வாதாடலாம். ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்புறதா வேண்டாமான்னு முடிவு பண்ற இடத்துல, நடக்கிறது அவனுக்குப் புரியுதாங்கிற கேள்விக்கு முன்னாடி அவன் எந்த நாட்டுக்காரன்னு கேட்கிறது எனக்கு ஏத்துக்க முடியல.

மஞ்சள் கவர்

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு ஆளைத் தெரியும் எனக்கு. பேரும் ஊரும் வேண்டாம், ஐயான்னே சொல்றேன். ஹோட்டல் சமையல்கட்டுல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர், ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கிப் பல வருஷம் ஆச்சு. ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணார், "தம்பி, ஒரு கடிதம் வந்து கிடக்குது, என்ன எண்டு ஒருக்கா பாருங்கோ." போய்ப் பார்த்தா ஃப்ரிட்ஜ் மேல மஞ்சள் கவர். ஜெர்மனியில இருக்கிறவங்களுக்கு அந்த மஞ்சள் கவர்னா வயித்துல புளியைக் கரைக்கும், கோர்ட்ல இருந்து முறைப்படி வர்ற தபால் அதுலதான் வரும், போஸ்ட்மேன் கவர் மேலயே எந்தத் தேதியில போட்டேன்னு பேனாவால எழுதிட்டுப் போவார். கடிதத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடி நான் அந்தத் தேதியைத்தான் பார்த்தேன். உள்ள இருந்தது ஸ்ட்ராஃப்பெஃபேல், அதாவது விசாரணை நடத்தாமலே நீதிபதி கையெழுத்துப் போட்டு அனுப்புற தண்டனை உத்தரவு. சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுக்கிறப்ப இன்னொரு கார் மேல உரசிட்டு நிக்காமப் போயிட்டார்னு குற்றச்சாட்டு, இத்தனை நாள் வருமானம் அபராதம்னு ஒரு தொகை. கையில கிடைச்சதுல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள ஆட்சேபணை சொல்லலைன்னா அது தீர்ப்புக்குச் சமம், பூட்டு போட்டாச்சு.

ஐயாவுக்கு அந்த உரசல் தெரியவே தெரியாதாம். அப்ப போலீஸ்கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். "அவை வந்து கேட்டவை, நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினனான், மரியாதைக்கு." அந்தத் தலையாட்டல் பேப்பர்ல ஏறி, ஏதோ பட்டதை உணர்ந்தார், ஆனாலும் போயிட்டார்னு ஆகியிருக்கு. ஜெர்மன் சட்டத்துல இந்தக் குற்றத்துக்குத் தெரிஞ்சே போனாரா இல்லையாங்கிறதுதான் உயிர்நாடி, தெரியலைன்னா குற்றமே இல்ல. ஜெர்மன் விளங்குமான்னு போலீஸ் கேட்டப்பவும் தலையாட்டியிருக்கார், அதனால மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்னு பதிவாயிருச்சு, கடிதத்தோட மொழிபெயர்ப்பும் வரல. முப்பது வருஷம் வெங்காயம் கொண்டா, ஆர்டர் ரெடி, நாளைக்கு லீவுன்னு பேசின ஜெர்மன் அவருக்கு நல்லாவே தெரியும், அதுல பொய் இல்ல. நீங்க உணர்ந்திருக்கக் கூடுமான்னு சுத்தி வளைச்சுக் கேட்கிற ஜெர்மன் வேற.

இங்கதான் இன்னொரு வாசல் வருது. 2010 அக்டோபர் 20ல ஐரோப்பிய யூனியன் ஒரு வழிகாட்டுச் சட்டம் போட்டுச்சு, எண் 2010/64, கிரிமினல் வழக்குல மொழிபெயர்ப்பு உரிமை பத்தினது, 2013 அக்டோபர்ல இருந்து உறுப்பு நாடுங்க (டென்மார்க் தவிர) அதை நடைமுறைப்படுத்தியிருக்கணும். அதுல பாஸ்போர்ட் பத்திப் பேச்சே கிடையாது. வழக்கு நடக்கிற மொழி உனக்குப் பேசவோ புரிஞ்சுக்கவோ முடியலையா, அப்ப உனக்கு உரிமை, அவ்வளவுதான் நிபந்தனை. இன்ஸ்ப்ரூக் பையனுக்கும் பொருந்தும், ஜெர்மன் குடிமகனான நம்ம ஐயாவுக்கும் பொருந்தும். போலீஸ் விசாரணையில இருந்தே பொருந்தும், வக்கீல்கிட்ட பேசுறதுக்கும் பொருந்தும், ஜெயில்ல வைக்கிற உத்தரவு, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு மூணையும் எழுத்துல மொழிபெயர்த்துக் கொடுக்கணும். ஐயாவுக்கு வந்த மாதிரி தண்டனை உத்தரவும் அதே கணக்குல சேரும்னு 2017 அக்டோபர்ல, ஒரு டச்சுக்காரர் வழக்குல நீதிமன்றம் தெளிவாச் சொல்லிருச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியோட பவேரியாவுல மாட்டின ஒரு ருமேனியாக்காரர் வழக்குல, ஆட்சேபணையை எழுத்துல தன் மொழியிலயே எழுதிப் போட எல்லாருக்கும் பொதுவா உரிமை இல்ல, ஆனா கோர்ட் ஆபீஸுக்கு நேர்ல போய் வாயால சொன்னா மொழிபெயர்ப்பாளர் உதவி உண்டுன்னு சொன்னாங்க. அந்தப் பாதி உரிமை எனக்குத் திருப்தி இல்ல, கடிதம் உன் மொழியில வரும், பதிலை மட்டும் எங்க மொழியில எழுதுன்னா ரெண்டு வாரக் கெடுவுல கிராமத்துல தனியாக் கிடக்கிற ஒருத்தன் என்ன பண்ணுவான். ஆனாலும் நாங்க அதைத்தான் பிடிச்சோம். மறுநாள் காலையில நேரா கோர்ட் ஆபீஸ், ஐயா வாயால ஆட்சேபணை சொன்னார், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னும் எழுதிக் கொடுத்தோம்.

விசாரணை அன்னைக்கு ஐயாவைப் பார்த்தப்ப வேற ஆளா இருந்தார். பக்கத்துல தமிழ் மொழிபெயர்ப்பாளர், நல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தங்க, நீதிபதி பேசப் பேச காதோரம் மெதுவாச் சொல்லிட்டே வந்தாங்க, ஒரு இடத்துல நீதிபதி வேகமாப் போனதும் கையைத் தூக்கி நிறுத்தி, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கன்னு கேட்டாங்க, அந்த ஒரு கை தூக்கல்ல எனக்கு அவ்வளவு மரியாதை வந்துச்சு. ஐயா தலையாட்டவே இல்ல. எந்தப் பக்கம் கண்ணாடி பார்த்தார், காருக்குள்ள யார் இருந்தாங்க, என்ன சத்தம், எல்லாத்தையும் முழு வாக்கியமாச் சொன்னார், சமையல்கட்டுல முப்பது வருஷம் அதிகம் பேசாத மனுஷன். கடைசியில அரசு வக்கீலும் நீதிபதியும் பேசி, ஒரு சின்னத் தொகை கட்டினா வழக்கை நிறுத்திக்கலாம்னு முடிச்சாங்க, தண்டனைன்னு பதிவாகல.

புரியுதான்னு யார் பார்க்கணும்

ஐயா கதையில தப்பு எங்க நடந்துச்சுன்னு பார்த்தா கோர்ட்ல இல்ல, முதல் நாள், போலீஸ் கேட்ட அந்த ஒரு கேள்வியிலதான். புரியுதான்னு கேட்டு, ஆமான்னு சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. வழிகாட்டுச் சட்டத்தோட 2வது பிரிவுல, ஆளுக்கு மொழி தெரியுமான்னு கண்டுபிடிக்க நாடுங்க ஒரு முறை வச்சிருக்கணும்னு இருக்கு, அந்த முறை எப்படி இருக்கணும்னு விவரமா இல்ல. இது சின்ன ஓட்டை மாதிரி தெரியும், ஆனா முழு உரிமையும் அதுவழியாத்தான் ஒழுகிப் போகுது.

ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் (லக்சம்பர்க் நீதிமன்றம் வேற, இது வேற) 2018 ஆகஸ்ட் 28ல இதே இடத்துல கையை வச்சுச்சு. லிதுவேனியாக்காரர் ஒருத்தர் ஸ்லோவேனியாவுல பேங்க் கொள்ளை வழக்குல மாட்டினார், அவருக்கு ரஷ்ய மொழிபெயர்ப்பாளரைக் கொடுத்தே வழக்கை முடிச்சு ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. அவருக்கு ரஷ்ய மொழி எந்த அளவுக்குப் புரியுதுன்னு யாரும் சோதிச்சதுக்குப் பேப்பர்ல அத்தாட்சி இல்ல. நீதிமன்றம் சொன்னது முக்கியம்: மொழி போதுமான அளவுக்குத் தெரியுதான்னு உறுதி பண்ற பொறுப்பு அரசோடது, அவன் வாயைத் திறந்து கேட்கலைங்கிறதால மட்டும் அந்தப் பொறுப்பு போயிடாது. பயந்து போய் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தனக்கு இப்படி ஒரு உரிமை இருக்குன்னே தெரியாம இருக்கலாமே. அடுத்த வருஷம் ஜனவரியில, இத்தாலியில ஒரு கொலை வழக்குல மாட்டின அமெரிக்க மாணவி அமாண்டா நாக்ஸ் வழக்குலயும் இத்தாலிக்கு எதிரா இதே நீதிமன்றம் மொழிபெயர்ப்பு விஷயத்துல மீறல்னு சொல்லுச்சு, அங்க மொழிபெயர்க்க வந்தவர் ஸ்டேஷன்ல ஆறுதல் சொல்றவரா, நடுவுல நிக்கிறவரா மாறிட்டார், மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்பாளரா இல்லைன்னா வாக்குமூலம் யாரோடதுன்னு கேள்வி வருது.

ஆனா என்னை அதிகமா உலுக்கினது ஹங்கேரி வழக்கு, சி-564/19. துருக்கி வம்சாவளி ஸ்வீடன்காரர் ஒருத்தர், போலீஸ் விசாரணையில ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்பாளர் வந்தார், அவரை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க, அவர் தகுதியை யார் பார்த்தாங்க, ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுதான்னு ஃபைல்ல ஒரு தகவலும் இல்ல. வழக்கு ஆள் இல்லாமலே நடக்கிற நிலைமை. புடாபெஸ்ட்ல இருந்த கீழ்க்கோர்ட் நீதிபதிக்கு மனசு ஒப்பல, இது சரியான்னு லக்சம்பர்க்குக்கு எழுதிக் கேட்டார். அப்படிக் கேட்டதே சட்ட விரோதம்னு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, அவர் மேல ஒழுங்கு நடவடிக்கையும் ஆரம்பிச்சாங்க. 2021 நவம்பர் 23ல லக்சம்பர்க் தீர்ப்பு வந்துச்சு: கேள்வி கேட்ட நீதிபதியைத் தண்டிக்க முடியாது, மொழிபெயர்ப்போட தரம் போதுமானதான்னு நாடுகள் உறுதி பண்ணணும், நீதிபதி அதைச் சரிபார்க்க முடியணும், குற்றச்சாட்டு ஆளுக்குப் புரியிற மொழியில போய்ச் சேர்ந்துச்சான்னே தெரியலைன்னா அவர் இல்லாம வழக்கை நடத்தி முடிக்கக் கூடாது. ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு அன்னைக்கு ஸ்டேஷன்ல என்ன புரிஞ்சுதுன்னு கவலைப்பட்டு ஒரு நீதிபதி தன் வேலையைப் பணயம் வச்சிருக்கார். 1998 தீர்ப்பை எடுத்துக் காட்டுற இடத்துல எல்லாம் இனிமே இதைத்தான் காட்டணும்னு எனக்குத் தோணுது, ஏன்னா இதுல அளவுகோல் காதுதான்.

போல்சானோக்காரங்க கட்டின அந்த ஏற்பாட்டைக் கேவலமா நினைக்கல, நீதிபதியே உன் மொழியில பேசுறதுக்கு ஈடான மொழிபெயர்ப்பு உலகத்துல கிடையாது. ஆனா அது எல்லா மொழிக்கும் எல்லா ஊர்லயும் கிடைக்கப் போறது இல்ல, தமிழுக்கு ஐரோப்பாவுல அப்படி ஒரு கோர்ட் வரப்போறதும் இல்ல. நமக்கு இருக்கிறது மொழிபெயர்ப்பாளர் வாசல்தான், அதைத்தான் இழுத்துப் பிடிச்சு ஒழுங்காத் திறக்க வைக்கணும். போலீஸ் புரியுதான்னு கேட்கிறதை விட்டுட்டு, நான் இப்ப சொன்னதை நீ திருப்பிச் சொல்லுன்னு கேட்கணும், அதை ரெக்கார்ட் பண்ணணும். மொழிபெயர்ப்பாளர் பேசினதும் ரெக்கார்ட்ல இருக்கணும், இல்லைன்னா பின்னாடி தரத்தைப் பத்திப் புகார் பண்ண என்ன ஆதாரம் இருக்கும். அவங்களுக்கு ஒழுங்கான சம்பளமும் கொடுக்கணும், அந்த நல்லூர் அம்மா மாதிரி ஆளுங்க அப்பதான் இந்த வேலையில நிப்பாங்க.

இதைப் படிக்கிற நம்ம ஆளுங்க யூனியன் நாட்டுல இருந்தா, வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்குச் சொல்லி வைங்க: பல வருஷமா அங்க வாழ்ந்தாலும், அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே கையில இருந்தாலும், ஸ்டேஷன்ல மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். கேட்டா கேஸ் மோசமாகாது. செலவு உங்க தலையில விழாது, தண்டனை கிடைச்சாலும் விழாது. 1978லயே ஸ்ட்ராஸ்பர்க் அப்படிச் சொல்லிருச்சு, ஜெர்மனியோட பாட் விம்ஃபென்ல நின்னிருந்த கார் மேல இடிச்ச ஒரு துருக்கிக்காரர் தலையில போட்ட மொழிபெயர்ப்புக் காசு 63.90 மார்க் கூடச் செல்லாதுன்னு 1984ல தீர்ப்பு வந்துச்சு. மொழிபெயர்ப்பாளர் பேசுறது விளங்கலைன்னா அதையும் சொல்லலாம், வேற ஆள் கேட்கலாம், அதுவும் 2010 சட்டத்துலயே இருக்கு. மஞ்சள் கவர் வந்தா கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல எழுதியிருக்கிற தேதியில இருந்துதான் ரெண்டு வாரம் ஓடுது.